பையில் இருந்த வானம்பாடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று, ஆடி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஊர் மேய்க்கால் நிலத்துக்கு எட்டு பேர் ஒரு குருவி பாடுவதைக் கேட்க வந்தார்கள். அந்தக் குருவி என் இடுப்பில் ஒரு துணிப்பைக்குள் இருந்தது. அவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

இவ்வளவோடு நிறுத்தினால், ஏதோ அறியாமல் செய்துவிட்டான் என்று நினைப்பீர்கள். பாதி அப்படித்தான். மீதிப் பாதிக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில், ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே. அப்போது அந்தப் பக்கம் கம்பெனி கிடையாது. நெல்தான். அறுப்பு முடிந்துவிட்டால் அடுத்த நாற்று விடும்வரை வேலை இருக்காது. அந்த மாதங்களில் காடை பிடிப்பேன். ஏரிக்குக் கீழே புல்லும் கல்லுமாகக் கிடந்த மேய்க்காலில் வலை போடுவேன். பிடித்ததை உயிரோடு வாலாஜாபாத்துக்குக் கொண்டுபோவேன்.

காடை வாங்குகிறவர்கள் அதைக் கண்ணால் பார்த்து வாங்குவதில்லை. பையைத் திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் அடித்துக்கொள்ளும். இருட்டில் அசையாமல் கிடக்கும். அதனால் பைக்குள் கையை விட்டு, கட்டை விரலால் நெஞ்சை அழுத்திப் பார்ப்பார்கள். சதை இருக்கிறதா, எலும்பு குத்துகிறதா என்று விரலுக்கே தெரிந்துவிடும். ஒரு பறவையைக் காட்டுவது என்றால் எனக்கு அதுதான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் ஒரு டீச்சரம்மா தனியாக வந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், புடவைக்குக் கீழே ஆம்பிளை ஷூ. மெட்ராஸில் பள்ளிக்கூட வேலை. லீவு நாளில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பறவை பார்க்கப் போகிறவர் என்று பிறகு தெரிந்தது. முதலில் ஃபாரஸ்ட் ஆபீஸ் ஆளோ என்று பயந்து, சுருட்டிய வலை மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"தம்பி, இங்க வானம்பாடி உண்டா?"

"அப்பிடின்னா இன்னாம்மா?"

அவர் கையைத் தரையிலிருந்து படபடவென்று தலைக்கு மேலே கொண்டுபோனார். அங்கே விரல்களை விரித்து, மெதுவாகக் கீழே இறக்கினார். வாயால் மெல்லிசாக ஒரு சத்தம் கொடுத்தார்.

"ஓ, புல்லுக்குருவி. கீதும்மா. அந்தாண்ட அந்த வெள்ளக் கல்லு தெரியுதா? அதுலேருந்து எழும்பும். பாடிக்கினே மேல போவும். அப்பால றெக்கைய விரிச்சிக்கினு எறங்கி, அதே கல்லுல குந்தும்."

"அதே கல்லுலயா?"

"அதே கல்லுதான். இந்தத் துண்டுக்கு அது ஒண்ணுதான் பாடும். வேற ஒண்ணு வந்தா தொரத்திடும். மத்ததெல்லாம் ஏரிக்கு அந்தப் பக்கம். அங்க போறதுக்கு வழி கெடயாது."

அவர் ஒரு நோட்டை எடுத்து நான் சொன்னதை எழுதிக்கொண்டார். நான் சொல்லி ஒருவர் எழுதியது அதுதான் முதல் தடவை.

"இருவது வருஷமா பாக்கறேன். கல்லு விஷயம் நான் கவனிச்சதே இல்ல. நீங்க வாத்தியார், நான் ஸ்டூடண்ட்" என்றார்.

நான் வலை மேல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஆட்களோடு வருவதாகச் சொன்னார். வருகிறவர்களில் ஒருவருக்குக் கால் வராது. ஒரு அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. "பறவை பாக்கறது கையும் காலும் கண்ணும் நல்லா இருக்கறவங்களுக்கு மட்டும்னு யாரும் சட்டம் போடல. இவங்களையும் அந்தக் கல்லுகிட்ட கொண்டுபோய் உக்கார வைக்கணும். முடியுமா?"

"முடியும்மா."

போகும்போது ஒரு போஸ்ட் கார்டு கொடுத்தார். விலாசம் அவரே எழுதியிருந்தார். மழை வந்தாலோ, குருவி இடம் மாறினாலோ ஒரு வரி எழுதிப் போடச் சொன்னார்.

வீட்டில் என் சம்சாரத்திடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு தெரியாதவங்க வந்து இன்னாத்த பாக்கப் போறாங்க?"

"பாக்கத்தான் வராங்களாம்."

"நல்லா கீதே கூத்து. அத்தினி தூரத்துலேருந்து வந்து சும்மா குந்திகினு போவணுமா? கைல குடுத்தாதான் தெரியும் அவங்களுக்கு."

அவள் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. அவள் மேல் பழி போடவில்லை. கண்ணி வைத்தது நான்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த வெள்ளைக் கல்லின் மேல் நைலான் நூலில் சுருக்கு வைத்தேன். குருவி மேலே பாடிக்கொண்டிருந்தது. நான் புல்லில் படுத்துக்கொண்டு பார்த்தேன். பாடி முடித்தது, றெக்கையை விரித்தது, இறங்கியது, கல்லில் உட்கார்ந்தது. அதற்கு அந்தக் கல் மேல் சந்தேகமே இல்லை. முதல் இறக்கத்திலேயே மாட்டிக்கொண்டது.

வீட்டில் கூடையைக் கவிழ்த்து அதற்குள் விட்டேன். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். தினை போட்டேன். காலையில் பார்த்தால் தண்ணீர் வைத்தபடி இருந்தது. தினையும் அப்படியே.

வேன் ஆறு மணிக்கு வரவேண்டியது. ஏழே கால் ஆனது. அந்த வருஷம் மே மாதம் பக்கத்து ஊரில் குண்டு வெடித்ததிலிருந்து எங்கள் பக்கம் வெளியாள் யார் வந்தாலும் போலீஸ் நிறுத்தும். படப்பையில் நிறுத்திவிட்டார்களாம்.

"பைனாகுலர் எதுக்குன்னு கேட்டான் தலைவரே. குருவி பாக்கன்னு சொன்னோம். நம்பல. என்னைத் தூக்கிட்டு என் சீட்டுக்கடியில பாத்தான். நான் குண்டு வைக்கற ஆளா இருந்தா மொதல்ல ஓடணும்ல? அதுக்கே எனக்கு வழியில்ல!"

சொன்னவர் வேன் கதவோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் சூம்பியிருந்தன. புளியந்தோப்பில் ரேடியோ ரிப்பேர் கடை. வாய் ஓயாது. அவருடைய மூன்று சக்கர வண்டியை மேலே கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆனால் மேய்க்காலில் அது ஓடாது. நான் முதுகைக் காட்டிக் குனிந்தேன். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"குதிர நல்லாதான் கீது. பேர் இன்னா வச்சிருக்கீங்க டீச்சர்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பை என் இடுப்பில் இடது பக்கம் இருந்தது. அவர் கால் பட்டுவிடக்கூடாது என்று ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தேன். கல்லுக்கு இருபது அடி தள்ளிச் சாக்கை விரித்து அவரை உட்கார வைத்துவிட்டு, மறுபடி வேனுக்கு வந்தேன்.

கண் தெரியாத அம்மா வேனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும், முப்பதுக்குள். மெட்ராஸில் ஒரு ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. "உங்க முழங்கையக் குடுங்கண்ணே, போதும். என்னை இழுக்க வேணாம்" என்றார். வலது முழங்கையைக் கொடுத்தேன். பை இடது பக்கம்.

நடக்கும்போது அவர் பேசினார். "டீச்சர் டேப்புல போட்டுக் காட்டினாங்கண்ணே. டேப்புல அது ஒரே எடத்துல நிக்குது. எனக்கு எல்லாச் சத்தமும் என் காது உசரத்துலதான் வரும். பஸ்சு, மனுஷங்க, போன் மணி. காக்கா கத்தினா மாடி உசரம். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் கெடையாது. இது பாடிக்கினே மேல போவும்ல? அது கூடவே போய்ப் பாக்கலாம்னு வந்தேன். வானம் வானம்ங்கறாங்களே, அது எவ்ளோ உசரம்னு."

"ம்" என்றேன்.

இவருக்கு வேண்டியது பையில் இருக்கும் பொருள் இல்லை. நேற்று சாயங்காலம் வரைக்கும் அந்தப் பாட்டு வெளியில் இருந்தது. அதை நிறுத்தியவன் கையைப் பிடித்துக்கொண்டு இவர் நடந்துவருகிறார்.

அங்கேயே நின்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அறியாமல் செய்ததோடு போயிருக்கும். ஆனால் முன்னால் டீச்சரம்மா எல்லோரிடமும் என்னைக் காட்டி, "இவர்தான் நம்ம வாத்தியார், இவர் சொல்றபடி உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நிற்கவில்லை. நடந்தேன்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். டீச்சரம்மா வாயில் விரலை வைத்தார். ரேடியோக்காரர்கூட அடங்கினார்.

கண் தெரியாத அம்மா முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சத்தம் வர வர மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். "ஆள்காட்டி. தண்ணிப் பக்கம். ரெண்டு." கொஞ்ச நேரம் கழித்து, "செம்போத்து. இது கீழ, பொதர்ல." அப்புறம் தூரத்தில் செங்கல் லாரி. அதையும் சொன்னார். மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை. வெள்ளைக் கல் காலியாக இருந்தது. டீச்சரம்மா பைனாகுலரை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

அரை மணி ஆனது. முக்கால் மணி ஆனது. பைக்குள் அது இரண்டு முறை அசைந்தது. நான் கையை அதன் மேல் வைத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு லீவு போல" என்றார் ரேடியோக்காரர். "இல்ல யூனியன்ல சேந்து ஸ்ட்ரைக்கா?"

டீச்சரம்மா என் பக்கம் குனிந்தார். "ஏன் தம்பி? போன வாரம் நல்லா பாடிச்சே."

"காத்து ஜாஸ்திம்மா. காத்தடிச்சா எழும்பாது."

ஆடி மாதம்தான். ஆனால் அன்றைக்கு என் தோளில் கிடந்த துண்டின் நுனிகூட ஆடவில்லை. டீச்சரம்மா தலையை ஆட்டி அதையும் நோட்டில் எழுதினார். கண் தெரியாத அம்மா மட்டும் முகத்தை வானத்திலிருந்து இறக்கி என் பக்கம் திருப்பினார். மறுபடி மேலே தூக்கிக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிட்டது. டீச்சரம்மா எழுந்தார். "பரவால்ல. பறவை நம்ம டைம்டேபிளுக்கு வராது. இன்னொரு நாள் வருவோம்." குரலில் சலிப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டார். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு பெரியவர் எனக்கு பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.

ரேடியோக்காரரைச் சுமந்து வேனில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்தார். பத்தடி நடந்ததும் நின்றார்.

"அண்ணே. உங்க இடுப்புல என்னமோ மூச்சு விடுது."

நான் பையைக் கையால் மூடினேன்.

"வரும்போதே கேட்டேன். கோழிக்குஞ்சோன்னு நெனச்சேன். காத்து ஜாஸ்தின்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான்."

"அதுதாம்மா இது" என்றேன்.

"எது?"

"பாடறது."

அவர் கை முழங்கையை விட்டுவிட்டது. திறந்த வெளியில் எதையும் பிடிக்காமல் நின்றார். அப்படி நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அப்போது நான் நினைக்கவில்லை. பிறகு நினைத்தேன்.

"எதுக்குப் புடிச்சீங்க?"

"உங்களுக்குத்தாம்மா. கண்ணு தெரியாதே, கைல குடுத்தா தெரியும்னு."

"எல்லாரும் எனக்குத் தொட்டுத்தான் காட்டறாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

பையின் வாயைத் தளர்த்தி அவர் பக்கம் நீட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் ஒரே ஒரு விரலை உள்ளே விட்டார். நெஞ்சில் வைத்திருப்பார் போல. உடனே எடுத்துவிட்டார்.

"இவ்ளோ வேகமா அடிச்சிக்குது. விட்டுடுங்கண்ணே. எங்க புடிச்சீங்களோ அங்க."

"வேன் கெளம்பிடும்மா."

"நான் இல்லாம எப்பிடிக் கெளம்பும்? வாங்க."

மறுபடி கல்லுக்குப் போனோம். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். வாயைத் திறந்தபடி ஒரு கணம் உட்கார்ந்திருந்தது. சுருக்கு இறுகின இடத்தில் ஒரு காலில் தோல் உரிந்திருந்தது. அந்த அம்மா முகத்தை மேலே தூக்கினார். அது தாழப் பறந்து பத்தடி தள்ளி விழுந்து, புல்லுக்குள் ஓடியது. அவர் முகம் சத்தத்தோடு கூடவே கீழே வந்தது.

"மேல போகல" என்றார்.

"இல்லம்மா. புல்லுக்குள்ள பூந்துகிச்சு."

"எப்ப பாடும்?"

"நாலஞ்சு நாள் ஆவும். பயந்துட்டா அப்பிடித்தான்."

அன்று காலையில் நான் நிஜம் பேசியது பையில் இருப்பது எது என்று ஒத்துக்கொண்டதிலிருந்து இதுவரைக்கும்தான்.

வேன் ஹாரன் அடித்தது. திரும்பி நடக்கும்போது அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வேறு வழி இல்லை அவருக்கு.

வேனை நெருங்கியதும் டீச்சரம்மா ஓடி வந்தார். "என்ன ஆச்சு, ஏன் லேட்டு?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. அதற்குள் அந்த அம்மா சொன்னார்:

"கேட்டேன் டீச்சர். நீங்கள்லாம் இந்தப் பக்கம் வந்தப்புறம் எழும்பிச்சு. அண்ணன்தான் நில்லுங்க நில்லுங்கன்னு நிக்க வச்சாரு."

வேனுக்குள் எல்லோரும் கை தட்டினார்கள். "அடப்பாவி!" என்று ரேடியோக்காரர் கத்தினார். "குதிர என்னை மட்டும் சீக்கிரம் எறக்கி விட்டுடுச்சே! எவ்ளோ உசரம் போச்சும்மா?"

"ரொம்ப" என்றார் அவர்.

டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, உங்களாலதான். இவ ஒரு வருஷமா இதக் கேக்கணும்னு சொல்லிட்டு இருந்தா. உங்களாலதான்."

நான் கும்பிட்டேன். "பரவால்லம்மா" என்றேன்.

இதுதான் நான் சொன்ன மீதிப் பாதி. கண்ணி வைத்தது இல்லை. இரண்டு மணி நேரம் மறைத்தது கூட இல்லை. அவர் எனக்காகச் சொன்ன பொய்யை வாங்கிக்கொண்டு, அதற்குக் கிடைத்த நன்றியையும் வாங்கிக்கொண்டு, பரவாயில்லை என்று சொன்னேன்.

அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். வேன் திரும்பும்போது எல்லோரும் கையசைத்தார்கள். அவர் நேராக முன்னால் பார்த்தபடி இருந்தார்.

வீட்டில் சம்சாரம் கேட்டாள். "தொட்டுப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"சந்தோஷமா?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் தினமும் காலையில் மேய்க்காலுக்குப் போனேன். நாலு நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாளும் இல்லை. செத்திருக்கும் என்று நினைத்தேன். எட்டாம் நாள் பாடியது. வெள்ளைக் கல்லுக்கு அது வரவே இல்லை. இன்னும் தள்ளி, ஒரு கரையான் புற்றிலிருந்து எழும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். சத்தம் தலைக்கு மேலே போனது. இன்னும் போனது. இதற்கு மேல் இல்லை என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் போனது. கேட்க வந்தவருக்கு இல்லாமல் எனக்குக் கேட்டது.

அன்று சாயங்காலம் போஸ்ட் கார்டை எடுத்து எழுதினேன். எழுதத் தெரியாது என்று சொல்ல முடியாது. 'குருவி பாடுது. இப்ப வரலாம்.' அவ்வளவுதான். விலாசம் ஏற்கெனவே இருந்தது. தபால் பெட்டி ஒரகடம் கூட்டு ரோட்டில் இருந்தது. இரண்டு முறை அதன் முன்னால் வரை போனேன்.

போடவில்லை. வந்தால் அந்த அம்மாவும் வருவார். மறுபடி என் முழங்கையைப் பிடிப்பார். நான் அவரோடு அந்த இரண்டு பர்லாங் நடக்கவேண்டும். அதற்குப் பயந்துதான் போடவில்லை. அவர் கேட்டதாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அவரை மறுபடி கூட்டிக்கொண்டு வர யாருக்கும் தோன்றியிருக்காது. நான் ஒருவன்தான் தெரிந்தவன். அட்டை என் கையில்தான் இருந்தது.

இதற்குப் பிறகு காடை பிடிப்பதை விட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. ஆறு வருஷம் பிடித்தேன். கல்லில் மட்டும் சுருக்கு வைத்ததில்லை.

மேய்க்காலைப் பிறகு கம்பெனிக்கு எடுத்துக்கொண்டார்கள். கரையான் புற்று இருந்த இடத்தில் இப்போது லாரி நிறுத்துகிறார்கள். நான் அங்கேயே கொஞ்ச நாள் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தேன். இப்போது அந்த டீச்சரம்மாவே வந்து கேட்டாலும் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

போஸ்ட் கார்டு ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது. போன வருஷம் என் மகள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது இன்னாப்பா, போடாம வச்சிருக்க?" என்றாள். மறந்துட்டேன் என்றேன்.

அதையும் பொய்யாகத்தான் சொன்னேன்.